வேர்டு மென்பொருளில் சமன்பாடு: ஓர் ஆம்பூர்ப் பரீட்சை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்து டி.டி.பி. சென்டர்களுக்கு வந்து சேரும் காகிதங்களில், கல்யாணப் பத்திரிகையும் வாடகை ஒப்பந்தமும் போக, தட்டச்சு செய்வோரைத் திணற அடிப்பவை இரண்டு: டியூஷன் வாத்தியார் கையால் எழுதித் தரும் பிளஸ் டூ கணித வினாத்தாள் ஒன்று, தோல் பதனிடும் தொழிற்சாலையின் கழிவுநீரைச் சோதித்த ஆய்வுக்கூட அறிக்கை மற்றொன்று. பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், பி.ஓ.டி. (உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை) என்னும் பதத்தைக் கேள்விப்படாத தோல் வியாபாரி இங்கே அநேகமாக இல்லை எனலாம்; ஆகையால் அந்தக் கணக்கையே மைக்ரோசாப்ட் வேர்டுக்குப் பரீட்சையாக வைத்தேன்.

சூத்திரம் எளியதுதான். குப்பியில் ஆரம்பத்தில் கரைந்திருந்த பிராணவாயுவின் அளவிலிருந்து, 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்த பிறகு எஞ்சிய அளவைக் கழித்து, குப்பியில் மாதிரி நீர் எத்தனை பங்கு என்பதால் வகுக்க வேண்டும். ஆற்றில் விடும் நீருக்கு விடை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது. இதைப் பட்டியலில் உள்ள படங்களைச் சொடுக்கிச் சொடுக்கி அமைப்பவர் பொறுமைசாலி. ஆல்ட் விசையுடன் சமக்குறியைத் தட்டிப் பெட்டியைத் திறந்து, எழுத்து, அடிக்கோடு, எண், இடைவெளி என்று அடித்தால் எண் தானே கீழிறங்கி அமர்கிறது. கழித்தல் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் இட்டுச் சாய்கோடும் வகுக்கும் எழுத்தும் அடித்து இடைவெளி விட்டதும், அடைப்புக்குறிகள் மறைந்து, பின்னம் கோட்டின் மேலும் கீழுமாக நிமிர்ந்து நிற்கிறது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த இந்த ஏற்பாட்டின் விசேஷம் இதுவே. தம் நூலின் அச்சுப்படிகள் அழகற்றிருக்கக் கண்டு சகியாமல் 1977இல் கணினி அறிஞர் டொனால்டு நூத் தொடங்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் நயம் இதில் முழுமையாக இல்லாவிடினும், அறிக்கைக்கு இது தாராளம்.

தமிழ் நுழையும்போதுதான் சங்கடம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பழகிய கை, பெட்டிக்குள் ‘அம்மா’ என்று அடித்தால், பெட்டிக்குரிய கணித எழுத்துரு அதை ஏற்காமல், எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று ஆங்கிலமாகவே கக்கிவிடும். சாதாரண எழுத்து என்னும் பொத்தானை அழுத்தி எழுத்துருவை மாற்றலாம். ஆனால் விளக்கத்தைப் பெட்டிக்கு வெளியே, ‘இதில்’ என்று தொடங்கும் தனி வரியாக வைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய வினாத்தாள்களைச் சேமித்து வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. முந்தைய சமன்பாட்டுக் கருவியில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, 2018 ஜனவரியில் அது அடியோடு நீக்கப்பட்டதால், அதில் செய்த சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரிந்தாலும் கை வைத்துத் திருத்த முடியாது. புதிய வடிவுக்கு மாற்றித் தரும் வசதி பிற்பாடுதான் வந்தது.

காசு கொடுக்க மனமில்லாதவருக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. அதில் பின்னத்துக்கு ‘ஓவர்’ என்று ஆங்கிலச் சொல்லையே எழுத வேண்டும், தமிழை மேற்கோள்குறிக்குள் இடலாம். வேர்டில் செய்தால், வரியின் நடுவே வரும் பின்னம் சுருங்கிவிடும். ஜெராக்ஸில் அதன் கீழெண்கள் கரும்புள்ளியாகிவிடும் ஆதலால், சமன்பாட்டைத் தனி வரியில் 12 புள்ளிக்குக் குறையாமல் வைக்கவும்.