வெண்கல வடிவில் மண்: பண்டைச் சீனக் கற்பாண்டங்களை ரசிக்கும் முறை

கற்பாண்டம் என்பது ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டு, நீர் ஊறாத அளவுக்கு இறுகிய களிமண் கலம். அதன்மேல் கண்ணாடியாக உருகிப் படியும் பூச்சு மெருகு எனப்படும். சீனத்தில் மெருகிட்ட கற்பாண்டங்கள் ஷாங் அரசமரபின் காலத்திலேயே, அதாவது 3,000 ஆண்டுகளுக்கு முன்பே, வனையப்பட்டன; பீங்கானின் வெண்மை இவற்றுக்குக் கைகூடவில்லை என்பதால் அறிஞர் இவற்றைத் தொடக்கநிலைப் பீங்கான் என வகைப்படுத்துவர். இவற்றுள் வெண்கலச் சடங்குக் கலங்களின் வடிவில் அமைந்தவை ஒரு தனி வகை. அவற்றை உலோகத்தின் மலிவான போலிகள் என்று கருதிக் கடந்துவிடுவோர் இழப்பது மிகுதி.

போலி என்னும் எண்ணத்தை வரலாறே மறுக்கிறது. மூன்று கால்களும் இரு காதுகளும் கொண்ட டிங் என்னும் சமையற்கலம் முதலில் புதிய கற்காலக் குயவர் மண்ணில் செய்தது. வெண்கலக் காலத்தில்தான் அது உலோகத்துக்கு மாறி, அரச அதிகாரத்தின் அடையாளமாயிற்று. அவ்வெண்கலமும் பல துண்டுகளாக அமைத்த களிமண் அச்சுகளுக்குள் வார்க்கப்பட்டதே ஆகையால், குயவர் பின்னாளில் அவ்வடிவங்களை மண்ணில் வனைந்தபோது, மண்ணிலிருந்து சென்ற ஒன்று மண்ணுக்கே திரும்பியது எனலாம்.

இக்கலையின் உச்சம் யாங்சி ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய யூவே நாட்டில், பொ.மு. 5-ஆம் நூற்றாண்டை ஒட்டி நிகழ்ந்தது. இன்றைய செஜியாங் மாநிலத்தின் டெசிங் பகுதியில் இருந்த சூளைகள் இத்தகைய கலங்களைப் பெருமளவில் சுட்டன. ஜியாங்சு மாநிலத்தில் வூசி நகருக்கு அருகிலுள்ள ஹோங்ஷான் கல்லறைகளை 2004-ஆம் ஆண்டை ஒட்டி அகழ்ந்தபோது, வெண்கலக் கலங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கற்பாண்டக் கலங்களும், வியப்பூட்டும் வகையில், கற்பாண்ட மணிகளும் வரிசையாகக் கிடைத்தன. அதே நூற்றாண்டில், ஹூபெய் பகுதியில் புதைக்கப்பட்ட செங் நாட்டுக் கோமான் யீயின் கல்லறையில் 65 வெண்கல மணிகள் இடம்பெற்றன. அவற்றுள் பெரும்பாலானவை தட்டும் இடத்துக்கேற்ப இரு சுரங்களை எழுப்பவல்லவை. ஹோங்ஷான் மணிகளோ இசைப்பதற்கென அமைந்தவையல்ல, இறந்தோருக்கு உடைமையாக வைக்கப்பட்டவை. போர்களில் மூழ்கியிருந்த யூவே நாடு தன் வெண்கலத்தைப் படைக்கலங்களுக்கும் கருவிகளுக்கும் ஒதுக்கியதே வெண்கலத்துக்கு மாற்றாகக் கற்பாண்டம் வைக்கப்பட்டதற்குக் காரணம் என்று கருதுவோர் உண்டு.

இக்கலங்களைக் காணும்போது முதலில் சற்று விலகி நின்று புறக்கோட்டை மட்டும் நோக்குவது நன்று; அந்தத் தொலைவில் வெண்கலமே முன்னிற்கும். நெருங்கியபின் காண வேண்டியது, மண் எங்கெல்லாம் உலோகத்துக்குப் பணிய மறுத்தது என்பதை. வெண்கலக் குடத்தில் விலங்கு முகத்தின் மூக்கிலிருந்து வளையம் தனியாகத் தொங்கி அசையும். கற்பாண்டத்தில் அவ்வளையம் பெரும்பாலும் கலத்தின் சுவரோடு ஒட்டிய புடைப்பாக நின்றுவிடும். வெண்கலத்தில் பக்கவாட்டில் செங்குத்தாக ஓடும் முகடு அச்சுத் துண்டுகள் கூடும் இடத்தை ஒட்டி எழுந்தது. அச்சுப் பொருத்தே தேவைப்படாத மண்கலத்தில் அத்தகைய முகடு தென்பட்டால், அது உலோகத்தின் நினைவு அன்றி வேறில்லை. வார்ப்பில் கூர்மையாக விழும் சுருள் கோடுகள், மண்ணில் அழுத்தப்பட்டு மெருகால் மூடப்படும்போது விளிம்பு மழுங்கி, பள்ளங்களில் மெருகு தேங்கிக் கருத்துத் தோன்றும். டிங் கலத்தின் கால்களையும் கவனிக்க வேண்டும். உச்ச வெப்பத்தில் களிமண் இளகுமாதலால், சூளையில் சற்றே சாய்ந்த கால் குறையாகாது, அக்கலம் கடந்து வந்த நெருப்பின் சான்றாகும்.

மெருகைத் தனியே, நேரமெடுத்துக் காண வேண்டும். மரச்சாம்பலில் உள்ள சுண்ணாம்புச் சத்து களிமண்ணின் மணற்கூறுகளை உருகச் செய்வதால் அது உண்டாகிறது. மண்ணில் கலந்துள்ள இரும்பு, காற்றுக் குறைந்த சூளையில் பசுமையையும், காற்று மிகுந்த சூளையில் மஞ்சள் கலந்த பழுப்பையும் தரும். பொ.மு. 206-இல் தொடங்கும் ஹான் காலத்தின் ஹூ என்னும் மதுக்குடங்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். சாம்பல் மேலிருந்து படிந்தமையால், தோளிலும் வாயின் விளிம்பிலும், வாய்வழியே எட்டிப் பார்த்தால் உள் அடியிலும், அதாவது மேல்நோக்கிய பரப்புகளில் மட்டுமே மெருகு காணப்படும்; நிமிர்ந்த கழுத்தும் வயிற்றின் கீழ்ப்பகுதியும் மெருகின்றிச் செம்பழுப்பாக இருக்கும். தோளில் தொடங்கிய மெருகு ஒழுகி ஓரிடத்தில் திரண்டு நின்ற எல்லையை எந்த வெண்கலத்திலும் காண இயலாது.

ஹான் காலத்தில் வடபகுதியில் பரவிய பச்சை ஈயமெருகுக் கலங்களை இவற்றோடு குழப்பிக்கொள்ளலாகாது. அவை குறைந்த வெப்பத்தில் சுடப்பட்ட மென்மண் கலங்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சோங் அரசமரபின் காலத்துக் குயவர் பழைய வெண்கல வடிவங்களை மீண்டும் எடுத்துக்கொண்டது பழம்பொருள் ஆர்வத்தால். அக்கலங்கள் அழகில் குறைந்தவை அல்ல, எனினும் அவற்றின் நோக்கம் வேறு.

வெண்கலத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்றிய ஹோங்ஷான் மணிகள் திறமையின் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், கலை என்ற அளவில், பாதி மெருகோடு நிற்கும் ஹான் குடமே உயர்ந்தது.