அர்த்தத்தை உதறுதல்: ஒரு பாட்டை முன்வைத்து

'என்னய்யா பாடுறான், ஒரு வார்த்தை புரியலையே' என்றார் நண்பர். புரியாதுதான். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 'ஐ ஸிம்ப்ரா' (1979) எந்த மொழியிலும் இல்லை. நியூயார்க்கின் பங்க் களமான சி.பி.ஜி.பி. விடுதியில் 1975இல் ராமோன்ஸுக்கு முன்னால் மேடையேறிய குழு இது. வரிகள் ஹ்யூகோ பால் என்ற ஜெர்மானியரின் ஒலிக்கவிதையிலிருந்து எடுத்தவை. யோசனை பிரையன் ஈனோவுடையது. பாடலாசிரியர்களில் ஒருவராக ஹ்யூகோ பால் பெயரும் இருக்கிறது (அவர் இறந்து 52 வருஷம் கழித்து!).

1916இல் சூரிச்சின் காபரே வோல்டேரில் இத்தகைய கவிதைகளை அவர் வாசித்தார். அட்டையில் செய்த உடுப்பு. நடக்க முடியாததால் மேடைக்குத் தூக்கிவந்தார்கள். அப்போது வெர்டூனில் படுகொலை நடந்துகொண்டிருந்தது. தேசம், கௌரவம், தியாகம் என்ற சொற்களுக்கெல்லாம் அர்த்தம் நிறையவே இருந்த காலம். பத்திரிகைகள் கெடுத்துவிட்ட மொழியையே கைவிடுவது என்றார் அவர். ஆக அர்த்தமின்மை அங்கே விளையாட்டு அல்ல, மறுப்பு.

1979இல் மறுப்பு நடனமாகிவிட்டது. இதைச் சரிவு என்று நான் சொல்லமாட்டேன். 'ஃபியர் ஆஃப் மியூசிக்' தொகுப்பின் பல பாடல்களில் காற்றையும் மிருகங்களையும் கண்டு மிரளும் ஒரு 'நான்' ஓயாமல் பேசுகிறது. முதல் பாட்டான இதில் அந்த 'நான்' இல்லை. பல குரல்கள் ஒன்றாக ஒலிக்கின்றன. ராபர்ட் ஃபிரிப்பின் கிதார் சுழல்கிறது. குரலும் ஒரு தாளவாத்தியமாகிவிடுகிறது. பயம் போக வேண்டுமென்றால் அர்த்தமும் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு நெருடல். தாளம் ஆப்பிரிக்க சாயல் கொண்டது. அதன்மேல் பொருளற்ற ஒலிகளை ஏற்றினால், மேற்கத்தியக் காதுக்கு அது 'ஏதோ ஆப்பிரிக்க பாஷை'. சூரிச்சிலும் இதே கூத்துதான்: தாங்களே கட்டிய ஒலிகளை 'நீக்ரோப் பாட்டு' என்று பாடினார்கள். ஐரோப்பியன் தன் மொழியைக் காலிசெய்தால், அந்தக் காலி இடத்துக்கு ஆப்பிரிக்கா என்று பேர் வைத்துவிடுகிறான். நைஜீரியாவின் ஃபெலா குட்டிக்கோ ஒவ்வொரு சொல்லும் அர்த்தமுள்ளது. ராணுவத்தைப் பாட்டில் கிண்டல் செய்தார். 1977இல் சிப்பாய்கள் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள்.

இந்த இரண்டையும் பிரித்து என்னால் கேட்க முடியவில்லை. நண்பரிடம் சொன்னேன்: 'புரியவே வேணாம். ஆனா அர்த்தத்தை உதறுற வசதி யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லைன்னு மட்டும் கேட்டுக்குங்க.' அவர் பதில் சொல்லவில்லை. பாட்டை மறுபடி போட்டோம். இருவர் காலும் தாளம் போட்டது.