பச்சைக் குத்திய கையும் மூன்று உயிர்களும்
– ‘கேம் ஓவர்’ திரைப்படம் பற்றி ஓர் அறிவியல் நோக்கு

மாமல்லபுரம் கடற்கரையில் ஏழு கோயில்கள் இருந்தனவென்றும், அவற்றின் அழகைக் கண்டு பொறாமை கொண்ட இந்திரன் ஆறினைக் கடலில் மூழ்கடித்தானென்றும் ஒரு கதை உண்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை, அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் மணலை அரித்து, கல்வெட்டுடைய பாறையொன்றை வெளிக்காட்டியது. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது முருகன் கோயிலொன்றும், பல்லவர் கட்டடத்துக்கு அடியில் அதனினும் பழைய செங்கற் கட்டுமானமும் கிடைத்தன. அதனை அலைகள் அழித்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அந்த ஆறனுள் இது ஒன்று என்பதற்குச் சான்றில்லை. ஆனால், கடல் கோயிலைக் கொண்ட நிகழ்ச்சி உண்மையாக இருக்கலாம். பொறாமையும் சாபமும் பின்னர் சேர்த்த காரணங்கள்.

நிகழ்ச்சி வேறு, காரணம் வேறு. எந்தப் பேய்க் கதையையும் சலிக்க இதுவே நல்ல சல்லடை. 2019 ஜூன் 14-இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த ‘கேம் ஓவர்’ படத்தை இதில் இட்டுப் பார்ப்போமா?

‘மாயா’ படத்தைத் தந்த அஸ்வின் சரவணன் இயக்கியது இது. தாப்ஸி நடிக்கும் ஸ்வப்னா, வீடியோ கேம்களை வடிவமைப்பவள். முன்னர் நேர்ந்த ஒரு கொடுமையால் இருட்டைக் கண்டாலே மூச்சுத் திணறுகிறாள். அவளுடைய கையில் குத்திய பச்சை திடீரென வலிக்கிறது. கொலையுண்ட அமுதா என்னும் பெண்ணின் சாம்பல் அந்த மையில் தவறுதலாகக் கலந்துவிட்டதாம்! அதன்பின் வீடியோ கேமில் போலவே அவளுக்கு மூன்று உயிர்கள் கிடைக்கின்றன.

இதில் நிகழக்கூடியது எது? இறந்தவரின் சாம்பலை மையில் கலந்து பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் உலகில் உண்டு. பச்சை குத்திப் பல மாதம் கழித்து அந்த இடம் அரித்து வீங்குவதும் உண்டு; மையிலுள்ள சாயத்தின் ஒவ்வாமையே பெரும்பாலும் காரணம். எரித்த சாம்பலில் எஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்டு. அதில் நினைவும் இல்லை, உயிரும் இல்லை.

கொடுமை நேர்ந்த நாள் ஆண்டு திரும்பி வரும்போது அச்சம் மீண்டும் பொங்குவதாகப் படத்தில் வரும் மருத்துவர் விளக்குகிறார். இது உளமருத்துவம் நன்கறிந்த உண்மை. நாள்காட்டியை மனம் மறந்தாலும் உடல் மறப்பதில்லை. இதைக் கேலியின்றிக் காட்டியது இப்படத்தின் பெருஞ்சிறப்பு. வீட்டில் துணையிருக்கும் கலாம்மாவும் அவளைப் பைத்தியம் என்று ஒதுக்குவதில்லை.

பாக்-மேன் போன்ற பழைய விளையாட்டுகளில் தோற்றவன் மீண்டும் ஆடுகிறான். முன் செய்த பிழையைத் தவிர்க்கிறான். ஸ்வப்னாவும் ஒவ்வொரு தோல்வியிலும் கற்கிறாள். அச்ச நோய்க்கான சிகிச்சையொன்றும் ஏறக்குறைய இவ்வாறே நடைபெறுகிறது: அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குகிறார்கள். ஆனால் அங்கே பாதுகாப்பும் மருத்துவர் துணையும் உண்டு, கொலையாளி இல்லை!

குறையும் இங்கேதான். மருத்துவர் விளக்கம் சொல்லி விலகிவிடுகிறார். துணிவு தரும் பெருமை சாம்பலுக்குப் போகிறது. பேய்ப்படத்தில் பேய் வரக்கூடாதா என்று கேட்பீர்கள். வரட்டும்! ஆனால் அமுதாவின் தாய் சொல்லும் கதையே ஸ்வப்னாவுக்குத் துணிவூட்டப் போதுமானது. நோயோடு போராடிய ஒரு பெண்ணின் வாழ்வு மற்றொருத்திக்கு ஊன்றுகோலாவதற்கு மந்திர மை எதற்கு?

படத்தைப் பாருங்கள், நன்றாகப் பயப்படுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் இருட்டுக்கோ ஒரு தேதிக்கோ நடுங்கினால், தாயத்துக் கட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். விளையாட்டில் மூன்று உயிர், நமக்கோ ஒன்றுதான்.