பாறையின் வடிவும் கல்வட்டத்தின் அழகும்

செகந்திராபாத்தை அடுத்த போலாரத்தில் வீடுகள் கொஞ்சம் விலகி இடம் விட்டால் போதும், பாறை தலைகாட்டிவிடும். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயர்ந்து கிடக்கும் தக்காணப் பீடபூமியின் கிரானைட் அது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இமயமலை எழத் தொடங்கியே சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன.

புதிதாக உடைந்த கல் கிடைத்தால் கிட்டத்தில் பாருங்கள். வெளிர் சிவப்பாக ஃபெல்ட்ஸ்பார், இடையிடையே ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ், மிளகுப் பொடி தூவினாற்போல் கறுப்பு அபிரகம். குவார்ட்ஸைவிட எளிதில் தோற்பது ஃபெல்ட்ஸ்பார். பாறையின் வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் அதைக் களிமண்ணாக்கிவிடும். மண்ணுக்கடியில் சதுரம் சதுரமாகப் பிளந்து கிடந்த பாறையின் மூலைகளை நீர் மூன்று பக்கமும் தாக்கியது. மூலை கரைந்தது, சதுரம் உருண்டையாயிற்று. பிறகு சுற்றியிருந்த மண் அரித்துப் போக, உருண்டைகள் அடுக்காக வெளியே வந்தன. விழுந்துவிடுமோ என்று நாம் அஞ்சும் அந்த மேற்கல்லை யாரும் தூக்கி வைக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, விலகியது மண்தான். இந்தப் பொறுமையில்தான் எத்தனை நயம்!

போலாரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் ஹஷ்மத்பேட், தென்கிழக்கே மௌலா அலி. இரண்டிலும் இரும்புக்கால மக்களின் ஈமச் சின்னங்கள் கண்டறியப்பட்டுள்ளன. தக்காணத்தில் அந்தக் காலம் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1914-ல் நிஜாம் அரசு தொல்லியல் துறையை அமைத்து குலாம் யஸ்தானியை இயக்குநராக்கியபோது, அத்துறைக்குக் கிடைத்த சொத்துகளில் இந்தக் கற்களும் சேர்த்தி.

இந்த ஈமச் சின்னங்களில் ஒரு வகை கல்வட்டம். அதன் அழகு அடக்கத்தில் இருக்கிறது. சுற்றி நிற்கும் குண்டுக்கற்களில் உளி வேலை இல்லை. இயற்கை உருட்டி வைத்ததைப் பார்த்துத் தேர்ந்து, வட்டமாகப் பதித்திருக்கிறார்கள். நடுவே கற்குவை. அதன் கீழே பலகைக் கற்களால் அமைத்த கல்லறையான பதுக்கை. தென்னாட்டுப் பதுக்கைகள் பலவற்றில் ஒவ்வொரு பலகையின் ஓரமும் அடுத்ததைத் தாண்டிச் சற்று நீண்டிருக்கும். மண் வெளியிலிருந்து நெருக்கும்போது நான்கு பக்கப் பலகைகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். சாந்து இல்லை, ஆணி இல்லை. மண்ணின் பாரத்தையே பிடிமானமாக மாற்றிய கணக்கு அது.

இறந்தவருக்காக உள்ளே வைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளும் அதே நுட்பம்தான். கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுக்கும். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். ஒரே சூளையில் இரண்டு நிறம். கொடுமணலிலும் ஆதிச்சநல்லூரிலும் நம் முன்னோர் செய்ததும் இந்த வகைப் பானையே. பேசிய மொழி எதுவாயினும், செத்தவர்க்குச் செய்யும் மரியாதையில் தக்காணமும் தமிழகமும் ஒரே கை.

நகரம் வளர வளர, சல்லிக்காகவும் மனைக்காகவும் உடைபட்ட பாறைகள் ஏராளம். இவற்றைக் காக்கவென்றே 1996-ல் ஹைதராபாத்தில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. செகந்திராபாத் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும் தமிழர்கள் சார்மினாரோடு திரும்பிவிடாமல், ஒரு காலைப் பொழுதை ஹஷ்மத்பேட்டுக்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.