உவமை உண்மை ஆகிவிடுமா?

உலகம் உயிருள்ளதா? உலகின்மீது வாழ்வன பற்றியதல்ல இவ்வினா. மண்ணும் மலையும், கடலும் காற்றும் சேர்ந்த இவ்வுருண்டை முழுவதும் ஓர் உயிரா என்பதே வினா. ஆம் என்ற எண்ணம் எழும் வண்ணம் ஏடொன்று தீட்டினார், ஆங்கில நாட்டு வேதியல் அறிஞர் ஜேம்ஸ் லவ்லாக். 1979-ல் வெளிவந்த அந்நூலின் பெயர் ‘கையா’. கிரேக்கர் தொழுத நிலத்தெய்வத்தின் பெயர் அது. அப்பெயரைச் சூட்டுமாறு கூறியவர் விஞ்ஞானி அல்லர். புதின ஆசிரியர் வில்லியம் கோல்டிங்!

நூலாசிரியரை எள்ளி நகையாட நாம் முன்வரவில்லை. காற்றிலே கலந்துள்ள மிகச் சிறு அளவு நச்சுப்பொருளையும் காட்டிக்கொடுக்கும் கருவியை 1957-ல் ஆக்கித் தந்த அறிஞர் அவர். 1960-களில், செவ்வாயில் உயிருண்டா என்று அமெரிக்க விண்வெளி நிறுவனம் ஆராய முனைந்தபோது, மண்ணைத் தோண்டுமுன் காற்றைப் பார்க்குமாறு வழி கூறினார். செவ்வாயிலும் வெள்ளியிலும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு கரியமில வாயு. நம் உலகிலோ நூற்றுக்கு 21 பங்கு உயிர்வளி. அதனோடு மீத்தேனும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிப்பவை. அழிந்தும் குறையாதிருக்கக் காரணம், உயிர்கள் ஓயாது அவற்றை ஊற்றிக்கொண்டிருப்பதே. அழகிய வாதம்; ஏற்கிறோம்.

ஆனால், உயிர்கள் காற்றை மாற்றின என்பது வேறு. தமக்கு ஏற்றவாறு உலகைப் பேணி வருகின்றன என்பது வேறு. உலகே ஓர் உயிர் என்பது முற்றிலும் வேறு. முதற்படியில் நின்று மூன்றாம் படிக்குத் தாவுகிறது நூல்.

1981-ல் போர்டு டூலிட்டிலும் 1982-ல் ரிச்சர்டு டாக்கின்ஸும் இத்தாவலைத்தான் தடுத்துக் கேட்டனர். உயிரின் உறுப்புகள் ஒத்தியங்கும் திறம் இயற்கைத் தேர்வால் வந்தது. பிறந்தவை பல, பிழைத்தவை சில. உலகமோ ஒன்றே ஒன்று. அது ஈன்ற குட்டி உலகம் எது? போட்டியிலே மாண்ட உலகங்கள் எவை?

1983-ல் ஆண்ட்ரூ வாட்சனுடன் சேர்ந்து லவ்லாக் விடை தந்தார். கறுப்பும் வெளுப்புமான டெய்சி மலர்கள் மட்டுமே பூக்கும் கற்பனைக் கோள் ஒன்றின் கணக்கு அது. கதிரவன் சூடு ஏற ஏற, ஒளியைத் திருப்பியனுப்பும் வெண்மலர் பெருகும். கோளின் வெப்பம் நிலைபெறும். எண்ணிச் செய்வார் எவருமின்றியே சமநிலை வரக்கூடும் என்று அது காட்டிற்று. மெத்தச் சரி! ஆனால், ‘வரக்கூடும்’ என்பது ‘வந்தது’ என்பதாகுமா?

வரலாறு வேறு கூறுகிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகட்கு முன் நுண்ணுயிர்கள் உமிழ்ந்த உயிர்வளி காற்றிலே பெருகியது. பழைய உயிர்கள் பலவற்றுக்கு அதுவே நஞ்சாயிற்று. ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகட்கு முன் பனி, நடுக்கோட்டுப் பகுதி வரை பரவிற்று. தாய் என்றால், இப்படியும் ஒரு தாயா? லவ்லாக்கின் கருத்தை அவரோடு சேர்ந்து வளர்த்த லின் மார்குலிஸ் அம்மையாரே, உலகை ஓர் உயிர் என்று கூறுவதை ஏற்கவில்லை. தன் கழிவையே தான் உண்டு வாழும் உயிர் எதுவுமில்லை என்று காரணமும் காட்டினார்.

‘நிலமகள்’ என்று நம் புலவரும் பாடினர். அணி அது, அணியாக இருக்கும்வரை அழகு. அதனை ஆய்வு முடிவாக்கினால் விளைவது யாது? 2006-ல் லவ்லாக் எழுதிய நூலின் பெயர் ‘கையாவின் பழிவாங்கல்’! முதலிலே தாய், பிறகு தண்டிக்கும் தெய்வம். தாய் என்போர் ‘அவள் பார்த்துக்கொள்வாள்’ என்று கைகட்டி வாளாவிருப்பர். தெய்வம் என்போர் ‘அவள் சினம்’ என்று கைகூப்புவர். கட்டிய கையும் கூப்பிய கையும் வேலை செய்யா!

தொழிற்புரட்சிக்கு முன் காற்றிலே பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஏற்றியது வரமுமன்று, சாபமுமன்று; நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்த மனிதக் கை. ஏற்றிய கைதான் இறக்கவும் வேண்டும்.

ஆகவே, உலகம் உயிருள்ளதா என்று வகுப்பறையில் ஒரு மாணவன் கேட்பானாயின், நாம் சொல்லத்தக்கது இது: உலகம் உயிரன்று, உயிர்கள் திருத்தி அமைத்த வீடு, உயிர்களே இடித்துவிடவும் கூடிய வீடு. வீட்டை வணங்குவதால் ஒழுகும் கூரை அடைபடாது. ஏறி அடைப்பவன் வேண்டும்.