றேமண்ட்: இழப்பும் சான்றும்

இறந்தோர் பேசுகின்றனரா என்னும் வினாவுக்கு விடைகாண முற்படுவோர், அதற்கு முன்னர் வேறொரு வினாவை எதிர்கொண்டேயாக வேண்டும். ஆவியூடகர் ஒருவரின் கூற்றுச் சரியானது என எவ்வாறு துணிவது? சேர் ஒலிவர் லொட்ஜ் 1916ஆம் ஆண்டில் வெளியிட்ட 'றேமண்ட்' என்னும் நூல் இவ்வினாவை ஆராய்தற்குத் தக்க களமாகும். மின்காந்த அலைகள் பற்றிய ஆய்வினாற் புகழ்பெற்ற பௌதிகவியலாளரான லொட்ஜ், தம் மகன் றேமண்டை 1915 செப்டெம்பர் 14ஆம் திகதி ஈப்ரே போர்முனையிற் பறிகொடுத்தார். இரு வாரங்கள் கழியுமுன்னரே குடும்பத்தினர் ஊடகர்களை நாடினர்.

நூலின் வலுவான சான்று ஓர் ஒளிப்படம் பற்றியது. செப்டெம்பர் 27இல் பீற்றர்ஸ் என்னும் ஊடகர், றேமண்ட் வேறு சிலருடன் காணப்படும் படமொன்று உண்டெனக் கூறிக் கைத்தடியையும் குறிப்பிட்டார். குடும்பத்தினர் அத்தகைய குழுப்படத்தை அறிந்திருக்கவில்லை. நவம்பர் இறுதியில், றேமண்டுடன் பணியாற்றிய அதிகாரி ஒருவரின் தாயார் அவ்வாறான படம் தம்மிடம் இருப்பதாக எழுதினார். டிசெம்பர் 3இல் திருமதி லெனாட் என்னும் ஊடகர், சிலர் அமர்ந்திருப்பதையும், ஒருவர் றேமண்ட் மீது சாய முற்படுவதையும், பின்னணியிற் செங்குத்துக் கோடுகள் இருப்பதையும் குறிப்பிட்டார். டிசெம்பர் 7இற் கிடைத்த படத்தில் இவை காணப்பட்டன.

போர்க்கால அதிகாரிகள் குழுவாகப் படமெடுத்தலும், சிலர் அமரச் சிலர் நிற்றலும், கைத்தடி வைத்திருத்தலும் வழமையே. சாய்தல் பற்றிய குறிப்பு அத்தகையதன்று. அதன் தனித்தன்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும் ஒரு பொருத்தத்தின் பெறுமதி, அதனுடன் கூறப்பட்ட ஏனைய கூற்றுக்களின் தொகையையும், தற்செயலாகப் பொருந்தக்கூடிய வாய்ப்பையும் கொண்டே மதிப்பிடப்படும். எத்தனை கூற்றுக்கள் தவறின் முடிவு கைவிடப்படும் என்பதை நூல் முன்கூட்டியே வரையறுக்கவில்லை. பொருத்தத்தைத் தீர்மானிப்பவரும் மகனை இழந்த தந்தையே.

லொட்ஜ் இவ்வரையறையை அறியாதவரல்லர். அவருடைய நண்பர் பிரெடெரிக் மயர்ஸ், தம் மரணத்தின் பின் ஊடகர்வழி அறிவிக்கவென ஒரு செய்தியை முத்திரையிட்ட உறையில் அவரிடம் ஒப்படைத்திருந்தார். மயர்ஸ் 1901இல் இறந்தார். 1904இல் உறை திறக்கப்பட்டபோது, திருமதி வெறலின் எழுத்துக்கும் உறையிலிருந்த செய்திக்கும் ஒற்றுமை காணப்படவில்லை. அங்கு விடை முன்னரே எழுதிப் பூட்டப்பட்டிருந்தது. எனவே தோல்வி தோல்வியாகவே தெரிந்தது. 'றேமண்ட்' நூலில் அத்தகைய உறை இல்லை.

மறுவுலகில் விஸ்கியும் சுருட்டும் உண்டாக்கப்படுகின்றன என்னும் பகுதியைக் காட்டிப் பலர் இந்நூலை நகையாடினர். அந்நகைப்புத் திறனாய்வாகாது. அத்தகைய கூற்று சரியுமன்று, பிழையுமன்று, சரிபார்க்க இயலாதது. ஒளிப்படம் சரிபார்க்கத்தக்கது. இவ்விருவகையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வரும்போது, பின்னையதிற் பெற்ற நம்பிக்கை முன்னையதற்கும் கடனாக வழங்கப்படுகிறது. ஆபத்து அங்கேயே உள்ளது.

நூலின் முதற்பகுதி றேமண்ட் போர்முனையிலிருந்து எழுதிய கடிதங்களைத் தருகிறது. இரண்டாம் பகுதியிலே அவர் கூற்றுக்கள் பெரும்பாலும் 'ஃபீடா' எனப்படும் இடையாளின் வாயிலாக, 'அவர் சொல்கிறார்' எனப் படர்க்கையில் வருகின்றன. ஒரு மனிதனை இனங்காண்பதற்குத் தகவல்கள் மாத்திரம் போதா. அவனுக்கே உரிய மொழியும் வேண்டும். கடிதங்களிலே அம்மொழி உண்டு. ஃபீடாவின் மழலைப் பேச்சிலே அது கேட்கவில்லை.

தந்தையின் துயர் ஐயத்துக்கு இடமற்றது. அதனாலேயே அவர்முன் வைக்கப்படும் சான்று மேலும் கடுமையாகச் சோதிக்கப்படல் வேண்டும். நம்ப விரும்புவோனிடம் தளர்ந்த அளவுகோலைக் கொடுப்பது அவனுக்குக் காட்டும் இரக்கமாகாது. லொட்ஜ் தம் மகனுக்கு எழுப்பிய உறுதியான நினைவுச்சின்னம் நூலின் முதற்பகுதியே. அதற்கு எந்த ஊடகரும் தேவைப்படவில்லை.