யாருக்காக உழைக்கிறது உங்கள் உலாவி?

குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி, பிரேவ், ஓபெரா என்று உலாவிகளை வரிசையாக நிறுத்தி, வேகத்துக்கும் நினைவகப் பயன்பாட்டுக்கும் வசதிகளுக்கும் மதிப்பெண் போட்டு, இதுவே சிறந்தது என்று தீர்ப்பு எழுதுவது தொழில்நுட்ப இதழ்களில் வேரூன்றிவிட்ட வழக்கம். இந்த வழக்கத்தால் இணையம் அடைந்த நன்மை பெரிது. ஆனால் இன்று அது அளப்பவை பெரும்பாலும் சிறிய வேறுபாடுகள். அளக்காமல் விடுபவைதான் நம்மைப் பாதிக்கின்றன.

முதலில் நன்மையைப் பார்ப்போம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வெளிவந்தது 2001இல்; அடுத்த பதிப்புக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போட்டி இல்லாத இடத்தில் வளர்ச்சியும் நின்றுபோயிற்று. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறக்கலாம், தாமாக முளைக்கும் விளம்பரங்களைத் தடுக்கலாம் என்பதை மக்களிடம் கொண்டுசேர்த்ததில் ஒப்பீட்டுக் கட்டுரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2005இல் வந்த ஆசிட்2 சோதனை, ஒரு சிரித்த முகத்தைப் பிழையின்றி வரையச் சொல்லி, எந்த உலாவி பொதுத் தரங்களை மதிக்கிறது என்பதை யாரும் கண்ணால் காணும்படி செய்தது. மைக்ரோசாஃப்ட்டும் தன் எக்ஸ்புளோரரின் எட்டாம் பதிப்பில் அதில் தேறியாக வேண்டியதாயிற்று.

குறை எங்கே தொடங்குகிறது? அளவுகோலே இலக்காக மாறும்போது. ஜாவாஸ்கிரிப்ட் வேகத்தை அளக்க 2012இல் ஆக்டேன் என்ற சோதனையை வெளியிட்ட கூகுளே 2017இல் அதைக் கைவிட்டது. அந்தச் சோதனையில் மதிப்பெண் பெறுவதற்காகச் செய்யப்பட்ட சில மாற்றங்கள், உண்மையான இணையப் பக்கங்களின் வேகத்துக்கே கேடாயின என்பது அது சொன்ன காரணம்.

நினைவக அட்டவணையும் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 2018இல் கணினிச் சில்லுகளில் ஸ்பெக்டர் என்ற குறைபாடு தெரியவந்த பிறகு, ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் அடைக்கும் பாதுகாப்பைக் குரோம் பரவலாக்கியது. அதனால் நினைவகப் பயன்பாடு சுமார் 10 முதல் 13 விழுக்காடு கூடியது. அட்டவணையில் குறையாகத் தெரிகிற அந்த எண், நம் வங்கிக் கணக்கைப் பக்கத்துத் தாவலில் திறந்திருக்கும் தளத்திடமிருந்து காப்பதற்கான விலை.

இதைவிடப் பெரிய குறை, பெயர்களை எண்ணி, பக்கங்களை வரையும் எஞ்சின்களை எண்ணாதது. எட்ஜ், பிரேவ், ஓபெரா, விவால்டி ஆகிய நான்கும் குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டவை. பரவலாகப் பயன்படும் எஞ்சின்கள் மூன்றே: குரோமியத்தில் இயங்கும் கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. ஒரே எஞ்சினை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சான்று. அங்கே இணைய வங்கிச் சேவை எக்ஸ்புளோரரில் மட்டும் இயங்கிய ஆக்டிவ்எக்ஸ் நுட்பத்தைச் சார்ந்து அமைந்ததால், உலகம் வேறு உலாவிகளுக்கு மாறிய பிறகும் மக்கள் பல ஆண்டுகள் எக்ஸ்புளோரரிலேயே கட்டுண்டு கிடந்தார்கள்.

ஒப்பீடுகள் பணத்தைப் பற்றியும் பேசுவதில்லை. சஃபாரியில் இயல்பான தேடுபொறியாக இருப்பதற்காகக் கூகுள் 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிப்பட்டது. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியும் கூகுளிடமிருந்தே வருகிறது. ஃபயர்பாக்ஸை நேசிப்பவர்களும் மறைக்கக் கூடாத பலவீனம் இது. வருமானம் வரும் வழி உலாவியின் நடத்தையிலும் தெரியும். பிறதளக் குக்கிகளைச் சஃபாரி 2020இல் முழுமையாகத் தடுத்தது. அதே ஆண்டு அவற்றை ஒழிப்பதாக அறிவித்த கூகுள், 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் இப்படிச் செய்வதில் வியப்பில்லை. அதைச் சொல்லாத ஒப்பீடு வாசகருக்கு உண்மையாக இல்லை.

நம் நாட்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. பக்கங்களைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பி டேட்டாவை மிச்சப்படுத்திய யூசி பிரௌசரை எத்தனையோ இந்தியர்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள். பயனரின் தகவல்கள் போதிய பாதுகாப்பின்றி அனுப்பப்படுவதை 2015இல் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வகம் வெளிப்படுத்தியது. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. எந்த வேக அட்டவணையும் இந்த ஆபத்தைக் காட்டியிருக்காது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே உலாவியில் எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை. வங்கி, வரி, அரசுச் சேவைகளுக்குக் குரோமோ எட்ஜோ போதும். அதில் எந்த நீட்சியையும் சேர்க்க வேண்டாம். படிக்கவும் தேடவும் கண்காணிப்பைத் தடுக்கும் ஃபயர்பாக்ஸைப் பரிந்துரைப்பேன். யூபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பான் அதில் முழு வலிமையோடு இயங்குகிறது; புதிய நீட்சி விதிகளால் குரோமில் அது முடங்கிவிட்டது. வேறு எஞ்சின் ஒன்றை உயிரோடு வைத்திருப்பதில் நம் பங்கும் இருக்கும். எதைத் தேர்ந்தாலும் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒப்பீட்டை எழுதுகிறவர்களிடம் கேட்பது இது: அட்டவணையில் எஞ்சின் யாருடையது, பணம் எங்கிருந்து வருகிறது என்ற இரு வரிகளைச் சேருங்கள். இவை தெரிந்த வாசகர் குரோமையே தேர்ந்தாலும் அது அறிந்து செய்த தேர்வாக இருக்கும்.